வயிறு சொல்வதை நம்பலாமா?

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகும். ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஒரு மனிதர் பெருமானார் (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு வந்து, தம் சகோதரர் வயிற்று நோயால் அவதிப்படுவதாக முறையிட்டார். அவருக்குத் தேன் புகட்டும்படி நபியவர்கள் பணித்தார்கள். அவர் சென்று புகட்டினார், குணமில்லை. மீண்டும் வந்து சொன்னார்; மீண்டும் தேன் புகட்டும்படியே நபியவர்கள் கூறினார்கள். மூன்றாம் முறை வந்தபோதும் அதே பதில்தான். தேனில் நிவாரணம் உண்டென்று அல்லாஹ் கூறியது உண்மை; பொய்யுரைப்பது அந்தச் சகோதரரின் வயிறுதான் என்று நபியவர்கள் சொல்லி, இன்னொரு முறையும் புகட்டச் செய்தார்கள். அப்போது அவர் குணமடைந்தார். அபூ ஸயீத் அல் குத்ரீ (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம் பெற்றுள்ளது.

தேனின் சிறப்பைப் பேசும்போது இந்த ஹதீஸை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஆனால் மருத்துவம் தொடர்பான மற்றொரு பேருண்மையும் இதில் அடங்கியிருப்பதை ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் தமது ‘ஸாதுல் மஆத்’ நூலில் சுட்டிக்காட்டுகிறார்கள். மருந்துக்கு ஓர் அளவும் கணக்கும் உண்டு. நோயின் தன்மைக்கேற்ற அளவை எட்டாத மருந்து நோயை முற்றாக நீக்காது. அளவை மீறிய மருந்தோ உடலின் வலிமையைக் குலைத்துவிடும். எனவேதான் நபியவர்கள் மருந்தை மாற்றவுமில்லை, நிறுத்தவுமில்லை. நோய்க்குத் தேவையான அளவு சென்று சேரும்வரை திரும்பத் திரும்பக் கொடுக்கச் செய்தார்கள் என்பது அவர்களின் விளக்கத்தின் சாரம்.

அந்த மனிதரின் வயிறு, மருந்து பயனளிக்கவில்லை என்று சொன்னது. இன்று நம்மில் பலருடைய வயிறு வேறொரு பொய்யைச் சொல்கிறது. நான்கு நாள் மாத்திரை போட்டதும் எரிச்சல் அடங்குகிறது. நோய் போய்விட்டது, இனி மருந்து வேண்டாம் என்கிறது வயிறு. நாமும் நம்பி விடுகிறோம். நெஞ்செரிச்சலுக்கும் அமிலம் மேலேறும் நோய்க்கும் மருந்து உட்கொள்வோர் இந்தச் சொல்லை ஏன் நம்பக்கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். (தேன் இந்த நோய்க்கு மாற்று மருந்து என்று இங்கே யாரும் கருதிவிட வேண்டாம். ஹதீஸிலிருந்து நாம் எடுப்பது மருந்தைத் தொடரும் முறையை.)

நோய் எங்கிருந்து வருகிறது?

நாம் உண்ணும் உணவைச் செரிக்கச் செய்வதற்காக இரைப்பையில் கடுமையான அமிலம் சுரக்கிறது. அதைத் தாங்கும் பாதுகாப்பு உறை இரைப்பைக்கு உண்டு. உணவுக்குழலுக்கு அவ்வளவு இல்லை. இரண்டிற்கும் நடுவே வளையம் போன்ற ஒரு தசை கதவாக நின்று, உணவு இறங்கும்போது திறந்து உடனே மூடிக்கொள்கிறது. இந்தக் கதவு தளர்ந்தாலோ, வேளையல்லாத வேளையில் திறந்துகொண்டாலோ அமிலம் மேலே ஏறுகிறது. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், தொண்டைக் கரகரப்பு, இரவில் இருமல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

பருத்த உடல், புகை பிடித்தல், வயிறு நிறைய உண்டதும் படுத்தல் ஆகியவை இந்நோயை வளர்க்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடியின் தொழிற்சாலைகளிலும் ஷிப்ட் முறையில் உழைக்கும் நம் சகோதரர்களின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேர நள்ளிரவாகிறது. பசியோடு வந்தவர் பரோட்டாவும் சால்னாவும் உண்டுவிட்டு அப்படியே படுக்கிறார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கடை வைத்திருப்பவர், கடையடைத்த பிறகுதான் சாப்பிடுகிறார். வீட்டுத் தாய்மார்களோ எல்லோருக்கும் பரிமாறிவிட்டு இறுதியில் உண்டு, அலுப்பில் உடனே சாய்கிறார்கள். அமிலம் மேலேற இதைவிட வசதியான நேரம் வேறில்லை.

நெஞ்செரிச்சல்தானே என்று அலட்சியப்படுத்துவதற்குரிய நோயன்று இது. ஆண்டுக்கணக்கில் அமிலம் பட்டுக்கொண்டேயிருந்தால் உணவுக்குழலில் புண் ஏற்படலாம். புண்ணிலிருந்து இரத்தம் கசியலாம். ஆறிய புண் தழும்பாகிக் குழலைச் சுருக்கி, சோற்றுக் கவளம்கூட இறங்காதபடி செய்யலாம். சிலருக்கு உணவுக்குழலின் உட்படலமே மாறிவிடுகிறது. இதனைப் ‘பேரட்’ மாற்றம் என்பர். அவர்களில் மிகச் சிலருக்கு அது புற்றுநோயாக முடிவதும் உண்டு. புண்ணின் அளவும் எரிச்சலின் அளவும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. எரிச்சல் அடங்கிய பின்னும் உள்ளே புண் ஆறாமல் இருக்கக்கூடும். வயிற்றின் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல என்பதற்கு முதற்காரணம் இதுவே.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

1976இல் சிமெடிடின் என்ற மருந்து வந்தபோதுதான் அமிலச் சுரப்பை மாத்திரையால் குறைக்கும் காலம் பிறந்தது. அதனை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1988இல் ஸ்வீடனில் கண்டறியப்பட்ட ஒமிப்ரசோல் விற்பனைக்கு வந்தது. பின்னர் பாண்டோபிரசோல், ரபிப்ரசோல், எஸோமிப்ரசோல் என அதன் உறவு மருந்துகள் பல வந்தன. இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருபவை இவைதாம்.

இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் கோடிக்கணக்கில் உள்ளன. இம்மருந்துகள் அந்தப் பம்புகளைப் பூட்டிவிடுகின்றன. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இவை பூட்ட முடியும்; ஓய்ந்திருக்கும் பம்பை அல்ல. உணவு உள்ளே செல்லும்போதுதான் பம்புகள் ஓடத் தொடங்குகின்றன. ஆகவே உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் மாத்திரையை விழுங்கினால், பம்புகள் ஓடும் வேளையில் மருந்து இரத்தத்தில் தயாராக நிற்கும். உண்டு முடித்து, எரிச்சல் வந்தபின் போடும் மாத்திரை பெரும்பகுதி வீணாகிறது.

ஒரே வேளையில் எல்லாப் பம்புகளும் பூட்டப்படுவதில்லை. முழுப் பயன் கிடைக்க மூன்று நான்கு நாள்கள் ஆகும். உடலோ நாள்தோறும் புதிய பம்புகளை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் போட்டு, இரண்டு நாள் விட்டு, எரிந்தால் மட்டும் போடுவோம் என்று நம் விருப்பப்படி நடப்பவர், புண் ஆறுவதற்குரிய நாள்களை ஒருபோதும் முழுமை செய்வதில்லை.

இம்மாத்திரைகளின் மேல் ஒரு பாதுகாப்பு உறை உண்டு. இரைப்பை அமிலத்தில் மருந்து அழிந்துவிடாமல் குடலைச் சென்றடையவே அந்த உறை. ஆகவே மாத்திரையைப் பொடித்தோ கடித்தோ உண்ணலாகாது.

யாருக்கு எவ்வளவு காலம்?

எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. இதை அறியாததே பல குழப்பங்களுக்குக் காரணம்.

முதல் வகையினர், சாதாரண நெஞ்செரிச்சலுக்காக மருத்துவரிடம் சென்றவர்கள். இவர்களுக்குப் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை நாள்தோறும் மாத்திரை தரப்படும். அதன்பின் குறைத்தோ நிறுத்தியோ பார்ப்பார்கள்.

இரண்டாம் வகையினர், எண்டோஸ்கோப்பிப் பரிசோதனையில் உணவுக்குழலில் கடும் புண்ணோ பேரட் மாற்றமோ இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்கள். மூட்டுவலிக்கு நெடுநாள் வலிமாத்திரையோ இதய நோய்க்கு ஆஸ்பிரினோ உட்கொள்வதால் இரைப்பையில் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயமுள்ளவர்களும் இவ்வகையினரே. இவர்களுக்கு எரிச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாத்திரை நெடுங்காலம் தொடர வேண்டியிருக்கும். மழை பெய்யாத நாளில் கூரையைப் பிரித்து விடுவோமா? இவர்களுக்கு மாத்திரை அந்தக் கூரை போன்றது.

மூன்றாம் வகையினர், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியால் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் ஏற்பட்டவர்கள். வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். அவரும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இந்தக் கிருமிக்கு, பெரும்பாலும் 14 நாள்கள் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தருவார்கள். ஐந்தாம் நாள் வலி நின்றுவிட்டதென்று நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காதவையாகிவிடலாம்.

தாம் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதை நோயாளி அறிந்திருக்க வேண்டும். மருத்துவரிடம், இந்த மாத்திரை எத்தனை நாளைக்கு, எப்போது திரும்ப வர வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சேத்துப்பட்டு தந்த பாடம்

நலமானதும் மருந்தை நிறுத்தும் பழக்கம் புதிதன்று. அதை முறையாக ஆராய்ந்த இடங்களுள் ஒன்று நம் சென்னை என்பது பலருக்குத் தெரியாது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஒன்றை அமைத்தன. சேத்துப்பட்டில் இன்றுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சியே. நெரிசலான சிறு வீடுகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மறுபகுதியினர் தம் வீடுகளிலுமாக ஓராண்டு சிகிச்சை பெற்றனர். 1959இல் வெளிவந்த முடிவு உலகை வியக்க வைத்தது. நல்ல உணவும் காற்றோட்டமும் ஓய்வும் குறைந்த வீட்டில் இருந்தபடியே மருந்து உட்கொண்டவர்களும், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராகக் குணமடைந்திருந்தனர்.

அந்த மையத்தில் பணியாற்றிய மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அவர்களை மற்றொரு கேள்வி வருத்தியது. வீட்டுக்குக் கொண்டுசென்ற மருந்தை நோயாளி உண்மையிலேயே உட்கொள்கிறாரா? பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இருமலும் காய்ச்சலும் நின்று உடல் தேறியதும் மருந்தில் கவனம் குறைவது மனித இயல்பு என்பது தெளிவாயிற்று. பிற்காலத்தில் பணியாளரின் கண்முன்பே மாத்திரையை விழுங்கச் செய்யும் முறை உலகெங்கும் பரவியதற்குச் சென்னை ஆய்வுகளும் ஓர் அடித்தளமாயின.

உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில், வளர்ந்த நாடுகளிலேயே நீண்ட கால நோயாளிகளில் சுமார் பாதிப் பேர்தாம் மருந்தைச் சொன்னபடி உட்கொள்கிறார்கள் என்று குறிப்பிட்டது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்துகளை வீட்டு வாசலுக்கே அனுப்பியதன் நோக்கமும், இடைநிற்காமல் மருந்து கிடைக்க வேண்டும் என்பதே. ஆனால் நெஞ்செரிச்சல் மாத்திரையை உட்கொண்டீர்களா என்று கேட்டு யாரும் நம் கதவைத் தட்ட மாட்டார்கள். அந்தப் பொறுப்பு வீட்டாரைச் சேர்ந்தது.

நாம் ஏன் நிறுத்துகிறோம்?

நலமாகிவிட்டது என்ற எண்ணம் முதற்காரணம். அதைப் பற்றிப் பேசிவிட்டோம்.

இரண்டாவது, அச்சம். இந்த மாத்திரையை நெடுநாள் போட்டால் சிறுநீரகம் போய்விடும், எலும்பு முறிந்துவிடும், மறதி வந்துவிடும் என்று செல்பேசியில் செய்திகள் சுற்றுகின்றன. இச்சந்தேகங்களை எழுப்பிய ஆய்வுகள் உண்டு என்பது உண்மை. எனினும் அவை பெரும்பாலும், மருந்து உண்டவர்களின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தவை. ஏற்கெனவே நோய் மிகுந்தவர்களே இம்மருந்தை அதிகம் உண்பதால், நோயின் பழி மருந்தின் மேல் விழுவதற்கு இடமுண்டு. 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 17,598 பேர் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவுக்குப் பாண்டோபிரசோலும் மறுபிரிவுக்கு மருந்தில்லா வெற்று மாத்திரையும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தரப்பட்டன. குடல் தொற்று மட்டுமே மருந்து உண்டவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது: 100 பேரில் 1.4 பேர், மற்ற பிரிவில் 1.0. எலும்பு முறிவு, சிறுநீரக நோய், மறதி நோய் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இதனால் மருந்துக்குத் தீங்கே இல்லை என்று ஆகிவிடாது. பல ஆண்டுகள் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12, மக்னீசியம் ஆகியவை குறையக்கூடும். மருத்துவர் சொன்னால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக் குளோபிடோக்ரெல் உட்கொள்வோர் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் ஒமிப்ரசோல் அந்த மருந்தின் பயனைக் குறைக்கக்கூடியது. வாட்ஸ்அப் செய்தியைக் கண்டு நிறுத்துவதல்ல, அந்தச் செய்தியை மருத்துவரிடம் காட்டிக் கேட்பதே அறிவுடைமை.

மூன்றாவது, செலவு. மாதக் கடைசியில் கையில் பணம் குறைந்தால் முதலில் நிற்பது பல வீடுகளில் தாயின் மாத்திரைதான். பிள்ளையின் மருந்தை நிறுத்த அவளுக்கு மனம் வராது. தன்னுடையதை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திக்கொள்வாள். பாண்டோபிரசோலும் ஒமிப்ரசோலும் மூலப் பெயரில் மலிவாகவே கிடைக்கின்றன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24 அன்று 1000 இடங்களில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் இதற்காகவே ஏற்பட்டவை. அரசு மருத்துவமனைகளிலும், இ.எஸ்.ஐ. அட்டை உள்ளோர்க்கு அதன் மருந்தகங்களிலும் இலவசமாகவே பெறலாம். குடும்பத் தலைவர்களே, உங்கள் வீட்டாரின் மருந்துச் சீட்டு எங்கே, எத்தனை மாத்திரை மீதமுள்ளது என்பதை நீங்கள் அறிவீர்களா?

நான்காவது, தவக்குல் பற்றிய தவறான புரிதல். குணமளிப்பவன் அல்லாஹ்வே, இதில் ஐயமில்லை. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளும்படி பணித்தவர்களும், முதுமையைத் தவிர எந்த நோயையும் மருந்தின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்று அறிவித்தவர்களும் நபியவர்களே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டும்படி அவர்கள் போதித்ததை மாத்திரை விஷயத்தில் மட்டும் மறப்பானேன்? ஸப்ரு என்பது வலியைப் பொறுத்துக்கொண்டு மருந்தை ஒதுக்குவதன்று. வலியில்லாத நாளிலும் அலுப்பின்றி மருந்தைத் தொடர்வதும் ஸப்ருதான்; சொல்லப்போனால் கடினமான ஸப்ரு அதுவே.

ஐந்தாவது, கேப்சூலின் உறை எதனால் ஆனதோ என்ற ஐயம். மார்க்கப் பேணுதலால் எழும் இந்த ஐயம் மதிக்கத்தக்கது. ஆனால் அதற்காக மருந்தையே விட்டுவிட வேண்டியதில்லை. பாண்டோபிரசோல் போன்றவை கேப்சூல் அல்லாத மாத்திரையாகவே கிடைக்கின்றன. மருத்துவரிடம் சொன்னால் மாற்றி எழுதித் தருவார்.

மறுபக்கம்: நாமே தொடர்வதும் தவறு

மருந்தின் அளவை எட்டாமல் நிறுத்துவதைப் போன்றே, அளவு கடந்து தொடர்வதும் குற்றமே. இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களின் சொல்லின் இரண்டாம் பாதி இங்கே பொருந்துகிறது. என்றோ ஒரு நாள் மருத்துவர் பதினைந்து நாளைக்கு எழுதித் தந்த சீட்டைக் காட்டி, அல்லது சீட்டே இல்லாமல், மருந்துக் கடையில் ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

வாந்தியை அடக்கும் டோம்பெரிடோன் சேர்ந்த கூட்டு மருந்தைப் பலர் இவ்வாறு விடாமல் உட்கொள்கிறார்கள். டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடும் என்பதால், 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் அதை உட்கொள்ள வேண்டாமென்று பரிந்துரைத்தது. எங்கும் கிடைத்துவந்த ரானிடிடின் மாத்திரையில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஒரு வேதிப்பொருள் கலந்திருப்பது 2019இல் தெரியவந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. 2022 செப்டம்பரில் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. பழைய சீட்டு இவற்றையெல்லாம் அறியாது.

நெடுநாள் உண்டதைத் திடீரென நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இவ்வளவு நாள் பூட்டப்பட்டிருந்த அமிலச் சுரப்பு, பூட்டு திறந்ததும் முன்னைவிட வேகமாகப் பாய்கிறது. 2009இல் டென்மார்க்கில் நோயே இல்லாத 120 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எட்டு வாரம் எஸோமிப்ரசோல் உண்டு நிறுத்தியவர்களில் 100க்கு 44 பேருக்கு எரிச்சல் போன்ற தொல்லைகள் தோன்றின. வெற்று மாத்திரை உண்டவர்களில் 15 பேருக்குத்தான். இத்தொல்லை பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். இதை அறியாதவர், மாத்திரை இல்லாமல் வாழவே முடியாதென்று எண்ணி ஆயுள் முழுதும் தொடர்கிறார். இங்கும் வயிறு பொய் சொல்கிறது. எனவே நிறுத்துவதையும் மருத்துவர் சொல்லும் முறையில், அளவைப் படிப்படியாகக் குறைத்துச் செய்வது நலம்.

ரமளானில் என்ன செய்வது?

ரமளான் வந்தால் பலர் மாத்திரை நேரத்தைத் தொலைத்து விடுகிறார்கள். ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைக் கண்டு கேட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு வேளை மாத்திரை என்றால், ஸஹர் உணவுக்கு அரை மணி முன்னதாக எழுந்து போட்டுக்கொள்ளலாம். அல்லது நோன்பு திறக்கும்போது தண்ணீருடன் மாத்திரையை விழுங்கி, ஒரு பேரீச்சம்பழத்துடன் நிறுத்தி, மஃரிப் தொழுதுவிட்டு வந்து உண்ணலாம். எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

நோன்புக் கஞ்சியோடு வடையும் சமோசாவும், தராவீஹுக்குப் பின் பிரியாணியும், ஸஹரில் வயிறு நிறையச் சோறும் உண்டு, ஃபஜ்ர் தொழுததும் படுத்தால் எந்த மாத்திரையும் தோற்றுப்போகும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபியவர்கள் பகுத்துத் தந்த அளவைப் பேணுவோருக்கு மருந்தே பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை.

நோன்பிருக்கையில் அமிலம் தானாக மேலேறித் தொண்டையோடு திரும்பிவிட்டால் நோன்பு முறியாது. வாய்வரை வந்ததைத் துப்ப இயலும்போது வேண்டுமென்றே விழுங்கக்கூடாது. விரிவான சட்டத்தை உங்கள் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டறியுங்கள். இரத்தக்கசிவுள்ள புண் இருப்பதாகக் கூறி நோன்பு வேண்டாமென்று நம்பத்தகுந்த மருத்துவர் தடுத்தால், அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தந்த சலுகையை ஏற்பதும் இறைக்கட்டளைக்குக் கீழ்ப்படிவதே. குணமானபின் களாச் செய்துகொள்ளலாம்.

படுக்கையைப் பற்றியும் ஒரு சொல். உண்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே படுப்பதும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அரையடி உயரத்தில் கட்டை கொடுப்பதும் பயன் தரும். வலப்பக்கம் சாய்ந்து படுப்பது சுன்னத். ஆனால் இடப்பக்கம் படுத்தால் அமிலம் ஏறுவது குறையும் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். நோயாளி துஆ ஓதி வலப்பக்கம் சாய்ந்துவிட்டுப் பின்னர் இடப்பக்கம் திரும்பிக்கொள்வதில் குற்றமேதுமில்லை.

தாமதிக்கக்கூடாத அடையாளங்கள்

உணவு விழுங்க முடியாமை, காரணமின்றி உடல் மெலிதல், இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், இரத்தச்சோகை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மாத்திரையை நம்பி வீட்டிலிருக்கலாகாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மார்பில் அழுத்தும் வலி எழுந்து இடக்கை, தாடை, முதுகு என்று பரவி, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது வாயுத் தொல்லையாக இல்லாமல் மாரடைப்பாக இருக்கலாம். சோடா குடித்து ஏப்பம் வருமென்று காத்திருந்து உயிரை இழந்தவர்கள் உண்டு. 108ஐ அழையுங்கள்.

சகோதரர்களே! உடல் நமக்கு அல்லாஹ் தந்த அமானத். அதைக் குறித்து மறுமையில் கேள்வி உண்டு. இன்று வீட்டுக்குச் சென்றதும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியைத் திறந்து, பாதியில் நிற்கும் மாத்திரை அட்டைகளை எடுத்து வையுங்கள். அவை யாருடையவை, ஏன் நின்றன, யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று கேளுங்கள். வயிறு நிறுத்தச் சொல்லியிருந்தால், அந்த அட்டையோடு மருத்துவரிடம் செல்லுங்கள். சீட்டின்றி ஆண்டுக்கணக்கில் தொடர்வது எதுவோ, அதையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக! மருந்தை அதன் அளவோடும் காலத்தோடும் பேணும் பொறுமையை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.